எண்பத்தொன்றாம் வருஷத்துக் கதவு ரப்பர்

கிஃபு
12 நவம்பர் 1986

தம்பி மொரிஹிகோவுக்கு,

உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கம். முதல் பக்கம் முழுக்க வானிலை. "இலைகள் சிவந்து உதிரும் இக்காலத்தில் பட்டறையில் அனைவரும் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன்" என்று ஆரம்பித்து, கலிஃபோர்னியாவில் இலை சிவப்பதே இல்லை என்று முடித்திருக்கிறாய். கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், அது நம் வழக்கம், தெரியும். ஆனால் உன்னை ஒன்பது வயதிலிருந்து வளர்த்தவள் நான். எதையாவது மறைக்கும்போதுதான் உனக்கு இத்தனை மழையும் வெயிலும் கண்ணில் படும்.

இரண்டாம் பக்கத்தில் "சந்தை ஆய்வு வேலை நன்றாகப் போகிறது" என்று ஒரே ஒரு வரி. என்ன சந்தை, என்ன ஆய்வு? ஹிராதே கம்பெனி உன்னைப் பதினெட்டு வருஷமாகக் கார்க் கதவு வடிவமைக்கும் பிரிவில் வைத்திருந்தது. கதவு போடுகிறவனைக் கடற்கரை வீட்டில் குடிவைத்து என்ன ஆராயச் சொல்கிறார்கள்?

கடற்கரை வீடு எனக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை உன் பெண்டாட்டி சுமிகோ வந்தாள். நீ அனுப்பிய படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சிரிக்கிறாய். பின்னால் ஒரு வெள்ளி நிறக் காரின் மூக்கு தெரிகிறது. நம் பட்டறையில் இருபது வருஷமாக ரப்பர் வெட்டும் யோனெமுராவுக்குத் தெரியாத கார் உண்டா? எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது ஜெர்மன் வண்டியாச்சே! தம்பியுதாங்க?" என்றாள். "யாரோ பின்னாடி நிறுத்தியிருப்பாங்க" என்று சமாளித்தேன். உடனே சுமிகோ, "சாவி அவர் கையில இருக்குக்கா, நல்லா பாருங்க" என்றாள். பார்த்தேன். இருந்தது.

இந்த ஊரில் முடிவெட்டுகிறவர்கூட ஹிராதே கார்தான் ஓட்டுகிறார். மீன் கடைக்காரர் தெரியாத்தனமாக வேறு கம்பெனி வேன் வாங்கிவிட்டு, கம்பெனிக் குடியிருப்புக்குள் கொண்டுபோகக் கூச்சப்பட்டுக் கோயிலுக்குப் பின்னால் நிறுத்திவிட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு வருகிறார். நீ ஜெர்மன் கார் சாவியோடு சிரிக்கிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். யென் மதிப்பு ஏறி ஏற்றுமதி படுத்ததிலிருந்து நமக்கு ஆர்டர் மாதா மாதம் குறைகிறது. சின்னக் காருக்கான கதவு ரப்பரில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பட்டறையில் இருபத்தொரு பேர் இருக்கிறார்கள். உன் அத்தான் இறந்து ஐந்து வருஷம், ஒருத்தரையும் வீட்டுக்கு அனுப்பாமல் ஓட்டிவிட்டேன். ஒரே கேள்விதான் எனக்கு. கம்பெனி நம்மைக் கழற்றிவிடப் போகிறதா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது.

இந்த வருஷத்துக் காக்கிப் பழத்தைத் தோல் சீவி உலர்த்தியிருக்கிறேன். சுமிகோவிடம் கொடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

கினுயோ


கலிஃபோர்னியா
3 டிசம்பர் 1986

அன்புள்ள அக்கா,

ஆண்டின் கடைசி மாதம் பிறந்து, குளிர் நாளுக்கு நாள் இறுகிவரும் இவ்வேளையில் நீ நலமென நம்புகிறேன். திட்டாதே. இந்த வரி இல்லாமல் எனக்குக் கடிதம் எழுதக் கை வருவதில்லை.

கார் என்னுடையது இல்லை. வேலைக்காகக் கொடுத்திருக்கிறார்கள். வீடும் அப்படித்தான். அந்தப் படத்தைக் கிழித்துப் போடும்படி சுமிகோவிடம் சொல். அதைப் பட்டறையில் வைத்துப் பார்த்திருக்கக் கூடாது. இங்கே வந்து இறங்கிய அன்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என்ன தாள் என்று கேட்காதே.

வேலை என்று பார்த்தால், வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. நேற்று ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். வருகிறவர்கள் காரிலிருந்து எப்படி இறங்குகிறார்கள், கதவைக் கையால் தள்ளுகிறார்களா, இடுப்பால் தள்ளுகிறார்களா என்று குறித்துக்கொண்டேன். வாசல்காரன் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டான். என் மேலதிகாரி ஷிபுகாவா வந்து மீட்டுக்கொண்டு போனார்.

நீ கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியாது. ஆர்டர் கொடுப்பது கொள்முதல் பிரிவு. நான் அந்தப் பக்கமே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். ரப்பரைப் பிதுக்கி எடுக்கும் பழைய அச்சுகள், அத்தான் காலத்தில் செய்தவை, வைத்திருக்கிறாயா? குறிப்பாக எண்பதுக்குப் பிறகு உள்ளவை. சும்மாதான் கேட்கிறேன்.

பழம் வந்து சேர்ந்தது. சுங்கத்தில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று குறைகிறது.

மொரிஹிகோ


கிஃபு
20 ஜனவரி 1987

மொரிஹிகோ,

சும்மாதான் கேட்டாயா? சரி. உன் "சும்மா"வுக்குக் கால் முளைத்து நடந்து வந்திருக்கிறது.

நேற்று கொள்முதல் பிரிவிலிருந்து குவாபாரா வந்தார். முன்கூட்டித் தகவல் இல்லை. கையில் ஒரு காகிதப் பை. உள்ளேயிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கதவு ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்தார். பழசு, வெயிலில் வெளுத்தது. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது உங்க பட்டறையுதுதானே?" என்றார்.

ஹிராதேக்காரர் கையில் ரப்பரோடு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உன் கம்பெனிதானே எங்களுக்குப் பாடம் நடத்தியது? முதலில் குனிந்து மன்னிப்பு. காரணம் அப்புறம். நாற்பது நாளுக்குள், அதே தவறு மறுபடி நடக்காது என்று ஒரு தடுப்பு அறிக்கை. குனிந்தேன்.

"எங்களுதுதாங்க. பெரிய தப்பு நடந்துபோச்சு, மன்னிச்சுக்கணும்."

"நான் தப்புன்னு சொல்லலையேம்மா."

"நீங்க சொல்ற வரைக்கும் நாங்க காத்திருக்கலாமா? மன்னிச்சுக்கணும்."

"எண்பத்தொண்ணு மார்ச், ஏப்ரல்ல வந்த சரக்கு மட்டும் இப்படித் தடியா, மெத்துனு இருக்கு. ஏன்னு தெரியணும்."

"விசாரிச்சு எழுதிக் குடுத்துடறோம். இனிமே ஒருநாளும் இப்படி நடக்காது."

"நடக்காதா?" என்றார். ஒரு மாதிரியாகக் கேட்டார்.

"நடக்கவே நடக்காதுங்க" என்று இன்னும் கீழே குனிந்தேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டு ரப்பரை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். எதற்குக் கேட்கிறார்கள் என்பது அவருக்கே தெரியாதோ என்று எனக்குத் தோன்றியது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சரக்கை இப்போது ஏன் தோண்டுகிறார்கள்? எங்களைக் கழற்றிவிட ஒரு காரணம் வேண்டும், அதைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஆச்சரியம் நீதான். டிசம்பரில் நீ அச்சைப் பற்றிக் கேட்கிறாய். ஜனவரியில் அவர் வந்து நிற்கிறார். கொள்முதல் பிரிவுப் பக்கமே நீ இல்லை என்று எழுதினாயே, அப்புறம் யார் பக்கம் இருக்கிறாய்?

அந்த வசந்தத்தை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம். உன் அத்தானின் கடைசி வசந்தம் அது.

கினுயோ


கலிஃபோர்னியா
9 பிப்ரவரி 1987

அக்கா,

பிளம் மரங்கள் மொட்டு விட்டிருக்கும். தென்பக்கத்துக் கிளைகளில் முதலில் பூத்திருக்கும். காற்றில் இன்னும் குளிர் தங்கியிருக்கும் இந்நாட்களில் உடம்பைப் பார்த்துக்கொள்.

அவசரப்பட்டு எதையும் செய்யாதே. அந்த வருஷத்து அச்சு, கலவைக் குறிப்பு, எது இருந்தாலும் அப்படியே வைத்திரு. எதையும் தூக்கி எறியாதே, யாரிடமும் கொடுக்காதே. இதற்குமேல் என்னால் எழுத முடியாது.

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். வேறொரு கம்பெனி ஆள் இரண்டு முறை உன் பட்டறைக்கு வந்து போனாராமே? இங்கே ஷிபுகாவா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கிஃபுல குஸுயா பட்டறைன்னு ஒண்ணு இருக்காமே, அங்க யாரோ வெளியாளு வந்து போறாங்களாம். உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார். அது என் அக்கா பட்டறை என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. தெரியாது என்றேன்.

யார் அந்த ஆள்? என்ன கேட்டார்? எதைக் காட்டினாய்? தயவுசெய்து மறைக்காமல் எழுது. நம் இரண்டு பேருக்கும் இது நல்லதில்லை.

மொரிஹிகோ


கிஃபு
25 பிப்ரவரி 1987

நாருசே மொரிஹிகோ அவர்களுக்கு,

மறைக்காமல் எழுத வேண்டுமாம். யார் யாரிடம் சொல்கிறாய்!

வந்தவர் துணி துவைக்கும் இயந்திரம் செய்கிறவர். அதன் கதவுக்கு வட்ட ரப்பர் வேண்டும் என்று விலை கேட்டார். ஆர்டர் குறைந்தால் நான் நாலு இடத்தில் கேட்க மாட்டேனா? இருபத்தொரு பேருக்கும் நீயா சோறு போடுவாய்? என் வாசலில் யார் செருப்புக் கழற்றுகிறார்கள் என்று கடல் தாண்டி உனக்குச் செய்தி வருகிறது. எனக்கு உன்னிடமிருந்து பிளம் மரத்துத் தென்பக்கத்துக் கிளைதான் வருகிறது. "தெரியாது" என்றாயாமே. உன் அக்கா பட்டறை என்று சொல்ல உனக்கு வெட்கம்!

உன் கடிதம் பத்தொன்பதாம் தேதி கிடைத்தது. "தூக்கி எறியாதே, அப்படியே வைத்திரு." அதைப் படித்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கம்பெனிக்குச் சாட்சி வேண்டும். குறையான அச்சு பட்டறையிலேயே கிடந்தது, தெரிந்தே வைத்திருந்தார்கள் என்று காட்ட வேண்டும். அதைப் பத்திரமாகப் பாதுகாக்கச் சொல்லி என் தம்பியைக் கொண்டே எழுத வைக்கிறார்கள்.

அதனால் உன் கம்பெனி கற்றுக்கொடுத்த முறைப்படியே செய்து முடித்துவிட்டேன். இருபத்தொன்றாம் தேதி எல்லாரையும் முற்றத்தில் நிற்கவைத்து, அந்த அச்சை நாலாக அறுக்கச் சொன்னேன். கலவைக் குறிப்பு உன் அத்தான் கையெழுத்தில் ஒரே தாள்தான், அதை எரித்தேன். படம் எடுத்துத் தடுப்பு அறிக்கையோடு இணைத்தேன். 'இத்தவறு இனி எக்காலத்திலும் நிகழ வழியில்லை' என்று எழுதி முத்திரை வைத்து குவாபாராவுக்கு அனுப்பிவிட்டேன்.

அச்சு அறுபடும்போது யோனெமுரா அழுதாள். "எதுக்குடி அழற, இரும்புதானே" என்றேன். "இது முதலாளி கையால தேச்ச இரும்புங்க" என்றாள். நான் அழவில்லை. எனக்கு உன்மேல் இருந்த கோபத்தில் அழுகை வரவில்லை.

இனி சாட்சி இல்லை. உன் மேலதிகாரியிடம் சொல்லிக்கொள்.

குஸுயா கினுயோ


கலிஃபோர்னியா
11 மார்ச் 1987

அக்கா,

இந்தக் கடிதத்தை எரித்துவிடு. கையெழுத்துப் போட்ட தாளை மீறி எழுதுகிறேன். பெண்டாட்டியிடம் சொன்னதற்காக இரண்டு பேரை இங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஹிராதே ஒரு பெரிய கார் செய்கிறது. அமெரிக்கப் பணக்காரர்களுக்கு. வேறு பெயர், வேறு கடைகள், எங்கேயும் ஹிராதே என்ற பெயரே இருக்காது. ஜெர்மன் கார்களோடு நேருக்கு நேர் மோதப் போகிறோம். அதற்காகத்தான் பணக்காரர் தெருவில் வீடு, கையில் அந்தச் சாவி. நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டு டாக்டரம்மா எங்கள் சின்னக் காரைப் பார்த்துவிட்டு, "உங்க கம்பெனியுதா? ரொம்ப நல்ல வண்டிங்க! எங்க வேலைக்காரம்மாவுக்கு அதுதான் வாங்கிக் குடுத்திருக்கேன்" என்றாள். மனதாரப் பாராட்டினாள், அக்கா. அன்று ஷிபுகாவா சாப்பிடவில்லை.

ஒன்பது ஜெர்மன் கார்களை வாங்கிப் பிரித்துப் போட்டிருக்கிறோம். எஞ்சினைப் பிடித்துவிட்டோம். கதவைப் பிடிக்க முடியவில்லை. அவர்கள் கதவு மூடினால் கனமான சோற்றுப் பானைக்கு மரமூடி போட்ட மாதிரி 'தப்' என்று ஒரு ஓசை. நம்முடையது தகரப் பெட்டி. இங்குள்ளவர்கள் கடையில் முதலில் செய்வதே கதவைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான். அந்த ஓசையிலேயே பாதி முடிவு செய்துவிடுகிறார்கள்.

போன அக்டோபரில் ஒரு சோதனை வைத்தோம். முப்பது பேரை முதுகு காட்டி உட்காரவைத்து, ஒவ்வொரு காராகக் கதவை மூடி, எது விலை உயர்ந்தது என்று கேட்டோம். ஷிபுகாவா விளையாட்டாக நம் பழைய சின்னக் கார் ஒன்றையும் நடுவில் நிறுத்தினார். எண்பத்தொன்றாம் வருஷத்துக் கார், இங்கே ஒரு பழைய கார்க் கடையில் வாங்கியது. முப்பதில் இருபத்திரண்டு பேர் அதைத்தான் சொன்னார்கள்.

ஷிபுகாவா போய்க் கதவைத் திறந்து மூடினார். மறுபடி திறந்து மூடினார். "இந்த ரப்பர யாருய்யா செஞ்சது?" என்றார். நான் விரலால் அழுத்திப் பார்த்தேன். அத்தான் கைவேலை. உடனே தெரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. என் அக்கா பட்டறை என்று சொன்னால், சொந்தக்காரருக்கு ஆர்டர் பிடிக்கப் பார்க்கிறான் என்பார்கள். "கொள்முதல் பிரிவைவிட்டு விசாரிக்கச் சொல்லலாம்" என்று மட்டும் சொன்னேன். விசாரணைத் தாளை எழுதியவன் நான்தான். காரணம் எழுதக் கூடாது என்பது விதி. அதனால் குவாபாராவுக்கும் தெரியாது.

அவர்கள் குறை தேடி வரவில்லை. அதேபோல இன்னொன்று வேண்டும் என்றுதான் வந்தார்கள். அது கிடைத்தால் உன் பட்டறையை ஒருவராலும் அசைக்க முடியாது. நீ ஒரே கேள்வி கேட்டாயே, அதற்கு இந்தப் பதிலைத்தான் கையில் கொடுக்க நினைத்திருந்தேன்.

அச்சு போய்விட்டது. சரி. அத்தான் என்ன யோசித்து அப்படிச் செய்தார்? அவர் எதையும் கணக்கில்லாமல் செய்கிறவர் இல்லையே. உன்னிடம் ஏதாவது சொல்லியிருப்பார். நினைவில் இருப்பதை எல்லாம் எழுது.

மொரிஹிகோ


கிஃபு
5 ஏப்ரல் 1987

மோரி,

எரித்துவிட்டேன். எரிக்குமுன் மூன்று தடவை படித்தேன்.

மூன்று நாள் உனக்கு மனத்துக்குள்ளேயே ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தேன். உன் அத்தான் இரவும் பகலும் யோசித்து, கதவு ஓசைக்காகவே அந்த ரப்பரைச் செய்தார் என்று. நல்ல கடிதம் அது. நீ அதை ஷிபுகாவாவிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கலாம். ஆனால் அதை வைத்து ஒரு முழம் ரப்பர்கூடச் செய்ய முடியாது.

உண்மை இதுதான். அந்த மார்ச்சில் அவருக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்துவிட்டது. யாருக்கும் சொல்லக் கூடாது என்றார், உன்னிடம்கூட. தினமும் பட்டறைக்கு வந்தார். மாற்ற வேண்டிய அச்சை மாற்றவில்லை. துவாரம் தேய்ந்து தேய்ந்து அகன்று, கதவில் பதியும் ரப்பர் உதடு அரை மில்லி கிட்டத் தடித்து வெளியே வந்தது. கொதிகலனும் அப்போது ஒழுகிக்கொண்டிருந்தது. ஆவி போதாமல் ரப்பர் முழுசாக வேகவில்லை, அதுதான் மெத்தென்று ஆகிவிட்டது. அவர் கையால் தடவிப் பார்த்தார். வழக்கமாக ஒரு மயிரிழை மாறினாலும் கத்துகிறவர், அன்றைக்கு "சரியாத்தானே இருக்கு, இல்ல?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். விரல் மரத்துப்போயிருந்தது அவருக்கு. நான் "ரொம்பச் சரியா இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வேன்? பரிசோதனைச் சீட்டில் பொய் அளவு எழுதி நானே முத்திரை வைத்தேன். இரண்டு மாதச் சரக்கு அப்படிப் போயிற்று. புகார் வரும் வரும் என்று ஆறு வருஷம் பயந்துகொண்டிருந்தேன். அதனால்தான் குவாபாரா அந்தப் பையைத் திறந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்ட ஒரே சரக்கு. அதைத்தான் உன் முப்பது பேர் முதுகைக் காட்டிக்கொண்டு மெச்சியிருக்கிறார்கள்.

குவாபாராவை வரச் சொல்லி, தடுப்பு அறிக்கையில் ஒரு திருத்தம் இருக்கிறது என்று சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ எழுதியதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அப்ப அது வேணும்னு செஞ்சது இல்லையா?" என்றார்.

"இல்லீங்க. உடம்பு முடியாதவர் விட்டுட்டது. நான் மறைச்சது."

"அளவெல்லாம் ஞாபகம் இருக்காம்மா? எவ்வளவு தேஞ்சிருந்தது, ஆவி எவ்வளவு இறங்கியிருந்தது?"

"புள்ளி நாலு மில்லி. ஆவி எவ்வளவு இறங்கியிருந்ததுன்னும் சொல்றேன், எழுதிக்கங்க. பொய் எழுதினவளுக்கு நிஜம் மறக்குமா?"

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுந்தார். எனக்கு முன்னால் குனிந்தார், மோரி. இருபத்திரண்டு வருஷத்தில் ஹிராதேக்காரர் ஒருவர் இந்தப் பட்டறையில் குனிந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

கினுயோ


கிஃபு
18 ஜூலை 1987
(அஞ்சலட்டை)

குவாபாரா மாதிரி கேட்டார். புது அச்சு வெட்டினோம். புள்ளி நாலு மில்லி கூடுதல் அகலம். ஆவியை இறக்கினோம். இரண்டு தடவை பிசகியது. மூன்றாவதை யோனெமுரா கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "இதாங்க அது!" என்று குதித்தாள். மாதிரி அனுப்பி ஐந்து வாரம். ஒரு சத்தமும் இல்லை. உன்னிடமிருந்தும் இல்லை. நல்ல மௌனமா, கெட்ட மௌனமா? — கி.


கலிஃபோர்னியா
3 டிசம்பர் 1987

அக்கா,

உன் அட்டைக்கு நான் பதில் எழுதவில்லை. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இப்போது எழுதிவிடுகிறேன்.

மாதிரி வந்தது. சோதித்தோம். அதே ஓசை, அக்கா. ஷிபுகாவா எங்கள் எல்லாருக்கும் மது வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, இதை யார் செய்வது என்ற பேச்சு வந்தது. ஒசாகாவில் இருக்கும் பெரிய ரப்பர் கம்பெனியின் பெயரைச் சொன்னார்கள். நான், மாதிரி செய்தவர்களே செய்யட்டுமே என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

"ஒரே ஒரு கொதிகலன் இருக்கற இடம்யா அது. மொத்த அமெரிக்காவையும் அதுல ஏத்தச் சொல்றியா? போதாததுக்கு வெளியாளு வந்து போற இடம்" என்றார் ஷிபுகாவா. பிறகு என்னை உற்றுப் பார்த்து, "நீ ஏன் அந்தப் பட்டறைக்கு இவ்வளவு பேசற? அங்க யாரு உனக்கு?" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி, எதற்கு இந்த ரப்பர் என்று அவர்களுக்கு யார் சொன்னது என்பதாக இருக்கும். என்னை ஜன்னலோரம் ஒரு மேசையில் வேலையில்லாமல் உட்காரவைத்து ஓய்வு பெறும்வரை செய்தித்தாள் படிக்க விட்டிருப்பார்கள். "யாரும் இல்லீங்க" என்றேன்.

கதவுப் பிரிவின் ஒப்புதல் முத்திரை இல்லாமல் ரப்பரின் வரைபடம் ஒசாகாவுக்குப் போகாது. முத்திரை வைத்தேன். சின்னக் கார் ரப்பரும் வரும் ஏப்ரலிலிருந்து அவர்களுக்கே போகிறது. நீ முதல் கடிதத்தில் கேட்டதற்குப் பதில்: ஆமாம்.

மொரிஹிகோ


கிஃபு
13 டிசம்பர் 1987

மோரி,

உன் கடிதம் நேற்று வந்தது. வரைபடத்தை நான் முதல் தேதியே பார்த்துவிட்டேன்.

குவாபாரா கொண்டுவந்தார். கொண்டுவரக் கூடாது, தெரிந்தேதான் கொண்டுவந்தார். "நீங்க பாத்துடணும்மா, இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது" என்று மேசைமேல் விரித்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஒசாகாக் கம்பெனியின் பெயர் பெரிதாக இருந்தது. ரப்பரின் குறுக்குவெட்டு. உதட்டுப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டு 'கூட்டல் 0.4' என்று அழகாக எழுதியிருந்தார்கள். உன் அத்தானின் நோய் அது. ஜெர்மன்காரனை அது தோற்கடிக்கப் போகிறது. தோற்கடிக்கட்டும். அதில் எனக்குக் கசப்பு இல்லை என்று எழுதப் பார்த்தேன், பொய்யாகத் தெரிகிறது. கசக்கிறது.

கீழே மூன்று சிவப்பு முத்திரைகள். மூன்றாவது 'நாருசே'. அப்பா வீட்டுப் பெயர். எனக்கும் ஒரு காலத்தில் அதுதான் பெயர்.

அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். நீயாக எழுதுகிறாயா பார்ப்போம் என்று காத்திருந்தேன். பன்னிரண்டு நாள். நீயாக எழுதிவிட்டாய். நான் பார்த்தது தெரியாமல்தான் எழுதியிருக்கிறாய். அதை நான் உன் கணக்கில் வரவாக வைத்திருக்கிறேன்.

சின்னக் கார் ரப்பரும் போகிறது என்று குவாபாரா அன்றைக்கே சொல்லிவிட்டார். பட்டறையில் இனி ஒன்பது பேர். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு வட்ட ரப்பர் செய்கிறோம். அதன் கதவு எப்படி மூடினாலும் யாரும் காது கொடுப்பதில்லை. பன்னிரண்டு பேர் வீட்டுக்கும் நானே நடந்து போய்ச் சொன்னேன். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எங்களைக் கழற்றிவிட்டு வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டேன். சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறேன். ஆனால் உன்னையும் சேர்த்துச் சந்தேகப்பட்டு அச்சை அறுத்துவிட்டேன். அறுக்காமல் இருந்திருந்தால், அதை வாசலில் வைத்து நான் பேரம் பேசியிருப்பேன். நீயும் சொல்லாமல் சொல்லாமல் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாய். இதில் யார் பங்கு எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இப்போது ஒன்றுதான். "அங்க யாரு உனக்கு" என்று அவர் கேட்டபோது, யாரும் இல்லை என்று சொன்னாயே. சொல்லிவிட்டு முத்திரையை எடுத்தாய். அது தாளில் படுவதற்கு முன்னால் உன் கை ஒரு நொடியாவது நின்றதா?

இதற்குப் பதில் எழுதாதே. நின்றது என்று எழுதினால் நான் நம்ப மாட்டேன், நிற்கவில்லை என்று எழுதினாலும் நம்ப மாட்டேன். புத்தாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வா. வந்து எனக்கு எதிரே உட்கார். நீ ஒன்றும் பேச வேண்டாம். உன் முகத்தை ஒருமுறை பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அக்கா